என் தேக்கில் கரையான் இல்லை

1

மம்சாபுரத்தில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை என்னென்ன செய்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ராஜபாளையத்தில் மில் வைத்திருந்தவர்கள் வீடுகளுக்கு நூற்றுக்கு மேல் நிலைக்கதவு. மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலுக்கு ஐந்து மாடிப் படிக்கட்டின் கைப்பிடி. கீழிருந்து மேல்வரை கையை எடுக்காமல் தடவிக்கொண்டே போகலாம், ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. ஐம்பத்தாறு வயதில் மெல்போர்னில் வந்து இறங்கினேன். இங்கிலீஷில் பத்து வரை எண்ணத் தெரியும், அவ்வளவுதான். ஒரு வெள்ளைக்காரர் பட்டறையில் மரத்தூள் கூட்ட ஆரம்பித்து, ஆறாவது வருஷம் சொந்தப் பட்டறை போட்டேன். நாலு பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள். இந்தப் பக்கத்து வீடுகளில் காலையில் காப்பிக்குச் சர்க்கரை எடுக்கத் திறக்கிறார்களே, அந்தக் கதவுகளில் பாதி நான் பொருத்தியது.

நான் தச்சர் வீட்டில் பிறக்கவில்லை. அப்பா கரும்பு வெட்டப் போனவர். யாரும் என்னை உட்கார வைத்துத் தொழில் சொல்லித் தரவில்லை. ராஜபாளையத்தில் ஒரு பட்டறை வாசலில் சாக்குத் தூக்குகிற வேலைக்கு நின்று, கண்ணால் பார்த்தே திருடிக்கொண்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் சர்ச்சை ஒட்டிய அசன மண்டபத்தின் சமையலறை அலமாரிகள். அறுப்பின் பண்டிகைக்குச் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் அசனம் என்போம். அந்த அடுப்படிக்கு மொத்தம் பன்னிரண்டு கதவு. ராஜபாளையத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வந்த பர்மாத் தேக்கு. ஒரு கதவுகூட இன்றுவரை கோணவில்லை.

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. அதே சமையலறைச் சுவரில் புதிதாக ஒரு கருங்கல் பலகை பதித்திருக்கிறார்கள். ‘இந்த அலமாரிகளைப் புதுப்பித்தவர்கள், பெண்கள் சங்கத்தார்’ என்று எழுதி, கீழே பதினொரு பெயர். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். படத்தைப் பெரிதாக்கி விரலை வைத்து இரண்டு தடவை வாசித்தேன்.

என் பெயர் இல்லை.

2

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். பட்டறையைக் கொடுத்துவிட்டேன். மகள் பியூலா நர்ஸ். அவள் எந்நேரம் வேலைக்குப் போகிறாள், எந்நேரம் வருகிறாள் என்று குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள், அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பேத்திகள் இரண்டு பேரும் “ஹாய் தாத்தா” என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போய்விடுவார்கள். கோபமில்லை. நான் ‘வாட்’ என்று கேட்பதற்குள் அவர்கள் பேச்சு முடிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை கல்லறைக்குப் போவேன். இரண்டு பஸ் மாற வேண்டும். என் மனைவி ஞானசெல்வம் அங்கே இருக்கிறாள்.

அவள் கல்லில் தமிழில் எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். கல்லறை ஆபீசில் ஒரு பாரம் கொடுத்தார்கள். வேற்று மொழியில் எழுதுவதானால் அதன் அர்த்தம் இன்னதுதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பாளர் முத்திரை போட்டுத் தர வேண்டுமாம். பிறகு அதை ஒரு கமிட்டி பார்க்குமாம். ஞானசெல்வம் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் பார்ப்பார்கள்? பியூலா இரண்டு நாள் தூங்காமல் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தாள். “அப்பா, இங்கிலீஷ்லயே போட்டுருவோமே. பிள்ளைகளாவது வாசிக்கும்” என்றாள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு அந்தக் கல்லை நான் கையால் தடவலாம். வாசிக்க முடியாது. அவள் எழுந்து வந்தாலும் அவளால் வாசிக்க முடியாது.

ஞானம் எட்டாவது படித்தவள். என்னைவிட நாலு வகுப்பு அதிகம். ஆனால் இங்கே வந்த பிறகு அவளுக்கு வாய்த்த இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தைதான், ‘சாரி’. கடையில் மீதி வாங்கினால் சாரி. பக்கத்து வீட்டம்மா கையசைத்தால் சாரி. பஸ்ஸில் ஒருத்தன் எழுந்து இடம் கொடுத்தாலும் சாரி. “நீ என்னட்டி தப்புப் பண்ணினே, எல்லார்ட்டயும் மன்னிப்புக் கேக்கே?” என்று நான் சிரிப்பேன். “எனக்கு அதுதான் நாக்குல வருது” என்பாள்.

நான் மஸ்கட்டில் இருந்தபோது வாரம் ஒரு கடிதம் போடுவாள். தங்கியிருந்த கொட்டகையில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். கொட்டகை மாறிக்கொண்டே இருந்தது, பெட்டியும் மாறியது. ஒரு கடிதம்கூட என்னிடம் தங்கவில்லை. அவள் கையெழுத்து என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

அவள் இறந்த முதல் வருஷ நினைவு நாளுக்கு ஊருக்கு வந்தேன். இப்போது என் பாஸ்போர்ட் ஆஸ்திரேலியாவுடையது, நான் பிறந்த ஊருக்கு வர எனக்கு விசா வேண்டும். பாரத்தில் வருகையின் நோக்கம் என்று ஒரு கட்டம். சுற்றுலா இருந்தது, வியாபாரம் இருந்தது, வைத்தியம் இருந்தது. மனைவிக்கு ஜெபம் என்று எதுவும் இல்லை. பியூலா சுற்றுலாவை அழுத்தினாள். அப்படியாக நான் ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றிப் பார்க்க வந்தேன்.

மடவார் வளாகத்தில் தம்பி வீட்டில் இறங்கிவிட்டு, சாயங்காலம் சர்ச்சுப் பக்கம் போனேன். அசன மண்டபத்துக்குள்ளிருந்து கரகரவென்று உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். எங்கிருந்தாலும் அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எட்டிப் பார்த்தால் பெண்கள் சங்கத்தார். மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, பாயை விரித்து, கழற்றிய கதவுகளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். காண்டிராக்டர் ஒருவர் வந்து, பழைய மரத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு கம்பெனியில் செய்த பளபளப்புப் பலகை போடலாம் என்றிருக்கிறார். சங்கத் தலைவி கிரேஸ் டீச்சர், ரிட்டயர் ஆனவர், “மரம் நல்லாத்தான இருக்கு? மேல இருக்க அழுக்குதான மோசம்? நாங்களே படிச்சிச் செய்யுதோம்” என்று சொல்லிவிட்டார். செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஒரு மணி நேரம் வேலை.

ஒருத்தி வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொர்ணம், ராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்க்கிறவள்.

“ஏட்டி சொர்ணம், என்ன மாவாட்டுதியா?” என்றேன்.

“ஆமா அண்ணாச்சி. ஆட்டி முடிச்சதும் மொத தோசை உங்களுக்குத்தான்” என்றாள் தலையைத் தூக்காமல். எல்லாரும் சிரித்தார்கள். பிறகுதான் நான் யார் என்று நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு நின்றது. “அண்ணாச்சி” என்று மறுபடி சொன்னாள், வேறு குரலில். அவளும் ஞானமும் பதினைந்து அசனத்துக்கு ஒரே அடுப்பில் நின்றவர்கள்.

“நார் ஓடுத பக்கமாத் தேய்க்கணும். குறுக்க தேச்சா வரி விழும். வார்னிஷ் போட்ட பொறவு அம்புட்டு வரியும் பல்லைக் காட்டும்” என்றேன்.

“வீடியோவுலயும் அப்படித்தான் சொன்னாங்க” என்றார் டீச்சர்.

“இதைச் செஞ்சவன் உசுரோட இருக்கேன். நீங்க வீடியோவுல பாத்தா படிக்கிய?”

“உங்களைக் கேக்கணும்னா வெளிநாட்டுக்குல்லா வரணும்? நாங்க தறிக்கும் அடுப்புக்கும் நடுவுல இருக்கோம்” என்றாள் சொர்ணம்.

மறுநாளிலிருந்து நானும் அந்தப் பாயில் உட்கார்ந்தேன். மெல்போர்னிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த தேய்ப்பு மெஷினை எடுத்து வைத்தேன். பல வருஷத் தாளிப்புப் புகை கதவில் பிசின்போல ஏறியிருந்தது. தின்னர் வாங்கி வந்து ஒரு கதவைத் துடைத்தேன். அவர்கள் பக்கத்துக் கதவைச் சீயக்காய்த் தூளும் அரிசி கழுவிய தண்ணீரும் போட்டுத் துடைத்தார்கள். “தலையில உள்ள எண்ணெய் போவுதுல்லா, கதவுல உள்ளது போவாதா?” என்றாள் ஒருத்தி. காய்ந்த பிறகு இரண்டையும் பார்த்தேன். அவர்கள் கதவுதான் சுத்தம். அன்றைக்கு நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வெயில் பட்டதால் என்று சொல்லிவைத்தேன். இப்போது சொல்கிறேன்.

வார்னிஷ் பூச அவர்கள் பிரஷ் வாங்கவில்லை. மில் கழிவுப் பஞ்சை உருட்டி, அதன்மேல் சொர்ணம் கொண்டுவந்த பேண்டேஜ் துணியைச் சுற்றி, அதில் தொட்டு நீளமாக இழுத்தார்கள். ராஜபாளையத்தில் நான் அப்படித்தான் பாலிஷ் போட்டேன். மரத்தின் வரி ஒவ்வொன்றாக மேலே வந்தது. நான் வெட்டிய மரத்தை முப்பது வருஷம் கழித்து மறுபடி பார்த்தேன்.

4

பத்து நாளில் பதினொரு கதவு முடிந்தது. அடுப்புக்குப் பக்கத்துக் கடைசிக் கதவு பாக்கி. நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கதவைத் தொடப்போனேன்.

“அது மட்டும் கெடக்கட்டும் அண்ணாச்சி. நாளைக்கு நாங்க பாத்துக்கிடுதோம்” என்றார் டீச்சர்.

“ஏன்? என் கை ஆகாதோ?”

“உங்க கை ஆகாமயா? எங்க கையாலயும் ஒரு கதவு முழுசா ஆவட்டும்னுதான்” என்றாள் சொர்ணம். சொல்லிவிட்டு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் இன்னொருத்தியைப் பார்த்தார். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு என்னைக் குத்தியது. ஐந்து மாடிக்கு ஒட்டுத் தெரியாமல் கைப்பிடி போட்டவன் நான். நேற்று உப்புத்தாளைப் பிடித்தவர்கள் என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்களா?

சனிக்கிழமை காலையில் வெயில் வந்ததும் முதல் ஆளாகப் போனேன். சர்ச்சைத் திறந்து மூடுகிற கோயில்பிள்ளை வீட்டில் சாவி இருக்கும். வாங்கித் திறந்தேன். கடைசிக் கதவின் கீலைக் கழற்றி மேஜையில் கவிழ்த்துப் போட்டேன். உட்புறத்தில் மைதாப் பசை வைத்துச் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அடுப்படிக்காரர்கள் அலமாரிக்குள் பேப்பர் ஒட்டுவது உண்டு, அதுதான் என்று நினைத்தேன். அந்தப் பேப்பர் மஞ்சளாகவில்லை, புகை பிடிக்கவில்லை. என் கண் அதைப் பார்த்தது. மனசு பார்க்கவில்லை.

தண்ணீர் தெளித்து ஊறவைத்து உரித்தேன். அடியில் பென்சில் கிறுக்கல். எண்களும் கோடுகளுமாகக் கதவு நிறைய இருந்தது. தூசிக்குப் பயந்து மூக்குக்கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டு, சட்டையை ஆணியில் மாட்டியிருந்தேன். தச்சு வேலை பார்க்கிறவன் அளவை மரத்தின் உட்புறத்தில்தான் குறிப்பான். நானும் அப்படித்தான். ‘பார், நான் குறித்த அளவு இத்தனை வருஷம் கழித்தும் அழியவில்லை’ என்று பெருமைகூடப் பட்டேன்.

பிறகு மெஷினை வைத்தேன். நல்ல மெஷின். ஆறேழு இழுப்பில் மரம் புதிசாகிவிட்டது.

5

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். சொர்ணம் கையில் ஒரு கண்ணாடித் தகடு, வேட்டித் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தாள். கதவைப் பார்த்தாள். கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

“அண்ணாச்சி, உள்ள எழுதியிருந்துச்சே?”

“என் அளவு. இனி எதுக்கு அது? தேச்சிட்டேன்.”

“உங்க அளவு இல்ல” என்றாள். “ஞானக்கா எழுதினது.”

ஒவ்வொரு வருஷமும் அசனம் முடிந்ததும், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எத்தனை படி அரிசி, எவ்வளவு பருப்பு, எதில் மிஞ்சியது, எதில் பற்றவில்லை என்று ஞானம் அந்தக் கதவுக்குள் பென்சிலால் எழுதி வைப்பாளாம். அவள் மெல்போர்ன் வந்த பிறகும் அவர்கள் அதைப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். அலமாரியைப் பிடுங்கவிடாமல் தடுத்ததே அந்த ஒரு கதவுக்காகத்தான். தூசியும் வார்னிஷும் படாமல் இருக்கப் பேப்பர் ஒட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் பேப்பரை உரித்து, கண்ணாடி பொருத்தி, என்னை அழைத்து வந்து காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அவர்கள் சிரித்தது இதை நினைத்துத்தான்.

அந்தக் கதவைச் செய்தவன் நான். மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது அடுப்படிக்குள் போய் அதைத் திறந்து பார்த்ததில்லை.

“போட்டோ? யாராவது போட்டோ எடுத்தியளா?” என்று கேட்டேன்.

“தெனமும் பாக்கதை யாரு அண்ணாச்சி போட்டோ எடுப்பா?”

கணக்கெல்லாம் அவர்களுக்குப் பாடம். ஐந்நூறு பேருக்கு எத்தனை படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நான் கேட்டது கணக்கை இல்லை. டீச்சருக்குத் தெரிந்தது. கடைசியாக அவள் எழுதியிருந்த வரியைச் சொன்னார், ஊரை விட்டுக் கிளம்பிய வருஷத்தில் எழுதியது:

“இனி உப்புப் பார்க்க நான் இல்லை. இறக்கும் முன் ஒருத்தர் மட்டும் பார்க்கவும்.”

பத்துப் பேர் பார்த்தால் பத்துப் பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போடுவார்கள். அதுதான் ஒருத்தர் மட்டும்.

மெஷினின் தூசிப் பையைத் திறந்தேன். மஞ்சள் நிறத்தில் மாவுபோல் தேக்குத் தூள். எது மரம், எது பென்சில் என்று பிரிக்க முடியுமா? ஒரு பேப்பரில் கொட்டி மடித்து வைத்துக்கொண்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து சாப்பாடு. சாம்பார் இறக்கும் முன் சொர்ணம் கரண்டியோடு வந்தாள். “நீங்க பாருங்க அண்ணாச்சி. ஒருத்தர்தான் பாக்கணும்.” உள்ளங்கையில் வாங்கி நாக்கில் வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சரியாக இருக்கு என்றேன். அன்றைக்கு எல்லார் இலையிலும் உப்புக் குறைவு. இருநூறு பேர் சாப்பிட்டார்கள். ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை.

கைகழுவும் இடத்தில் ஒரு பெரியவர் டீச்சரிடம் கேட்டார். “ஞானம் எழுதி வச்சிருந்துச்சே, அதைக் கண்ணாடி போட்டு வைக்கப் போறதாச் சொன்னிய?”

டீச்சர் கண்ணை என் பக்கம் திருப்பவே இல்லை. “கரையான் அரிச்சிட்டு ஐயா. ஒண்ணும் மிஞ்சல” என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். குழாயைத் திறந்து கையை மறுபடி கழுவினேன்.

6

மெல்போர்ன் விமான நிலையத்தில் ஒரு அட்டை நிரப்ப வேண்டும். மரச் சாமான், விதை, மண் ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேள்வி, வரிசையில் நின்ற ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மரம் என்ற இடத்தில் ஆம் என்று கோடு போட்டேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் மகளுக்குக் கெட்ட பெயர். ஒரு அதிகாரிப் பெண் என் பொட்டலத்தைப் பிரித்து, கையுறை போட்ட விரலால் தொட்டுப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். நல்ல முகம். பொறுமையாக இரண்டு தடவை கேட்டாள். பதில் என்னிடம் தமிழில் நிறைய இருந்தது. இங்கிலீஷில் எனக்கும் அந்த ஒரு வார்த்தைதான் நாக்கில் வந்தது.

“சாரி” என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டுப் பொட்டலத்தை மஞ்சள் தொட்டியில் போட்டாள்.

7

பலகையின் படம் வந்த அன்றைக்கே டீச்சருக்குப் போன் போட்டேன்.

“என் பேரு எங்க?”

“உங்க பேரைப் போட்டா, யாரு இவருன்னு கேப்பாங்க அண்ணாச்சி. பொறவு அந்தக் கதவைக் கேப்பாங்க. எதுக்கு? நாங்க பதினொரு பேரும் பேசித்தான் விட்டோம். உங்களுக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுன்னுதான்.”

“கரையான்னு சொல்லிட்டிய.”

“ஆமா. அதனால என்ன? கரையானுக்கு யாரும் வருத்தப்பட மாட்டாங்க.”

சபையாரே, அவர்கள் நல்லவர்கள். என்மேல் இரக்கப்பட்டுச் செய்தார்கள். ஆனால் அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். இதை நம் சபைப் பத்திரிகையில் போடச் சொல்லி அனுப்புகிறேன். நான் சொல்லச் சொல்ல இங்குள்ள ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி எழுதினார். திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அது பர்மாத் தேக்கு. வயிரம் பாய்ந்த மரம் பார்த்து, ஒவ்வொரு பலகையையும் தட்டிச் சத்தம் கேட்டு எடுத்தேன். என் தேக்கில் கரையான் ஏறாது. அன்றைக்கும் ஏறவில்லை, இன்னும் நூறு வருஷத்துக்கும் ஏறாது. அந்தச் சமையலறையில் யாராவது கரையான் என்று சொன்னால், நான் கெட்ட மரம் போட்டேன் என்று ஆகிறது. ஞானம் பதினைந்து வருஷம் கெட்ட மரத்தில் எழுதினாள் என்று ஆகிறது. இரண்டும் பொய்.

அந்தக் கருங்கல்லில் பதினொரு பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது. படத்தில் அளந்து பார்த்தேன், மூன்று வரி கொள்ளும். தமிழில்தான் வெட்ட வேண்டும். இங்கேபோல அங்கே அதற்கு முத்திரை வேண்டியதில்லை.

அலமாரிகள் செய்தவர்: மம்சாபுரம் பொன்னையா.

கடைசிக் கதவின் உட்புறத்தில் எழுதியவர்: ஞானசெல்வம்.

அதைத் தேய்த்து அழித்தவர்: மேற்படி பொன்னையா.

மூன்று வரியும் வேண்டும். ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது.